வாழ்த்துமடலில் விட்டுப்போன பத்தி

நான் எழுதிய முதல் வாழ்த்துமடலில் ஒரு பத்தி குறைவு. எழுத்துப் பிழை இருந்திருந்தால் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பத்தி குறைந்தது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கௌரவிப்பதென்றால் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கடைசியில் வாழ்த்துமடல் வாசித்துக் கையில் கொடுப்பார்கள். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊரின் பெருமை. பிறகு அவர் பிறந்த குடும்பம். அடுத்தது அவருடைய திறமை. அதன்பின் இல்லறம், அதாவது அவர் மனைவியோடு எவ்வளவு அன்பாக வாழ்கிறார் என்று ஒரு பத்தி. முடிவில் வாழ்க பல்லாண்டு. கூட்டுறவுக் கடை மனேச்சர் மாற்றலாகிப் போனபோதும் இதுதான், தபால்காரர் ஓய்வுபெற்றபோதும் இதுதான். பேர் மட்டும் மாறும். எழுத்தே தெரியாதவர்களுக்குக்கூட எதற்குப் பிறகு எது வரும் என்பது காதுப் பழக்கத்தில் தெரியும்.

அந்த முறை கௌரவம் என் சித்தப்பாவுக்கு.

சித்தப்பா கரப்பந்தாட்டக்காரர். அவர் விளையாடுவதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசும்போது கையை உயர்த்தித்தான் பேசுவார்கள். அவ்வளவு உயரமானவர் இல்லை. ஆனால் ஓடி வந்து எழும்பினாரென்றால், மற்றவர்கள் எழும்பி இறங்கிய பிறகும் அவர் மேலேயே நிற்பார். எங்கள் மைதானத்து வலை முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த பழைய மீன்வலை. பந்து எத்தனையோ தரம் தைத்தது. ஒரு பக்கம் கனம் கூடியது, நேராகப் போகாது. அந்தப் பந்து சித்தப்பா சொன்ன இடத்துக்குப் போகும். எதிர்ப்பக்கம் ஆறு பேர் நிற்கும்போது ஆறு பேரும் இல்லாத இடம் அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

அந்த வருடம் கண்டாவளையில் நடந்த சுற்றுப்போட்டியில் எங்கள் ஊர் கடைசி ஆட்டம் வரைக்கும் போனது. அப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு நானும் போயிருந்தேன். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். அப்போது எதிரணியில் ஒருவர் எங்கள் பக்கம் பார்த்து, "தோட்டக்காட்டார் களைச்சுப் போச்சினம்" என்று சொன்னார். மலையகத்திலிருந்து வந்தவர்களை இளக்காரமாகச் சொல்லும் பேர் அது. சித்தப்பா அடுத்த பந்தை வாங்கி அடித்தார். அதற்கடுத்ததையும். பிறகு வந்த பந்துகளெல்லாம் அவருக்கே எடுத்துக் கொடுக்கப்பட்டன. நாங்கள் வென்றதும் அதைச் சொன்னவரே வலைக்குக் கீழால் குனிந்து வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தை விட்டுவந்து ஸ்கந்தபுரத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியிருந்த எங்கள் குடும்பத்தில், ஊரார் கையைப் பிடித்துக் குலுக்கிய முதல் ஆள் சித்தப்பாதான்.

படித்த முதல் ஆள் நான். அப்பாவும் சித்தப்பாவும் பெருவிரலில் மை பூசுகிறவர்கள். நிவாரண அட்டையோ மருந்துப் போத்தலோ, வீட்டுக்கு வரும் எழுத்தெல்லாம் என் கைக்குத்தான் வரும். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் வாசிப்பேன். நான் பள்ளிக்கூடம் போனதற்குச் சித்தப்பாவும் ஒரு காரணம். மாரியில் வாய்க்கால் பெருகினால் என்னைத் தோளில் தூக்கி அக்கரையில் இறக்கிவிடுவார். புத்தகப் பையைத் தன் தலையில் வைத்துக்கொள்வார், எழுத்து நனையக்கூடாது என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில நாட்களில் சித்தி எங்கள் வீட்டில் வந்து படுப்பார். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். இன்னொரு பாயை விரிப்பார், அவ்வளவுதான். காலையில் சித்தியின் முகம் வீங்கியிருக்கும். இதற்கு எங்கள் பக்கத்தில் வீட்டுச் சண்டை என்று பேர். சித்தப்பா குடித்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் குடிப்பதில்லை. விளையாடுகிறவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்.

வாழ்த்துமடல் எழுதும் மாஸ்டர் அந்தக் கிழமை காய்ச்சலில் விழுந்துவிட்டார். விளையாட்டுக் கழகச் செயலாளர் என்னைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, மாஸ்டருக்கு மலேரியா. எழும்பி இருக்கவே ஏலாமல் கிடக்கிறார். உன்ர கையெழுத்து வடிவெண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுகினம். நீ எழுதித் தாறியே?"

வீட்டில் நாங்கள் 'ஆமா' என்றுதான் சொல்வோம். அவருக்கு நான் அவர்கள் பேச்சிலேயே "ஓம்" என்றேன். பழைய மடல்கள் இரண்டின் பிரதிகளையும் ஒரு பெரிய கலண்டர் தாளையும் தந்துவிட்டுப் போனார். பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் வெள்ளைத் தாள் எங்கள் பக்கம் வருவதில்லை. கலண்டரின் முன்பக்கத்தில் முருகன் இருந்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிழை விடாமல் எழுத வேண்டும், இன்னொரு தாள் கிடையாது என்று செயலாளர் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

முதலில் கொப்பியில் எழுதினேன். ஊரின் பெருமையைப் பார்த்து எழுதினேன். குடும்பத்தைச் சிரமப்பட்டு எழுதினேன். தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு அந்தப் பிரதிகளில் வசனம் இருக்கவில்லை. திறமையை மட்டும் ஒன்றையும் பார்க்காமல் எழுதினேன். அது நீண்டுகொண்டே போனது. இல்லறத்துக்கு வந்தபோது தபால்காரரின் மடலிலும் மனேச்சரின் மடலிலும் இருந்த நல்ல நல்ல சொற்களை எடுத்துச் சேர்த்து, அவற்றையும் தாண்டும்படியாக ஒரு பத்தி செய்தேன். 'கண்ணின் மணியாய்க் காத்து' என்பது அதில் ஒரு துண்டு. முழு மடலிலும் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்.

சித்தியின் ஊர், தகப்பன் பேர் எல்லாம் கேட்டு எழுத வேண்டியிருந்ததால் கொப்பியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சித்தி குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. எண்ணெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. என்னவென்று கேட்டேன். கிணத்தடியில் வழுக்கிவிட்டது என்றார். அந்தக் கிணற்றடியில் அவர் அடிக்கடி வழுக்குவார் என்பது எனக்குத் தெரியும். கல்லைப் போட்டுச் சமப்படுத்த வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லக்கூட நினைத்திருந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். திறமைப் பத்தி வந்ததும் சித்தி சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பிடித்தான். அப்பிடித்தான் ஏறுவாரு" என்றார். "கண்டாவளயில அந்தாளு கையப் புடிச்சத எழுதினியா?"

"எழுதியிருக்கேன் சித்தி."

அடுத்த பத்திக்குப் போனேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது சித்தி மறுபடியும் புடைக்கத் தொடங்கியிருந்தார்.

"அது வேணாம்" என்றார்.

"இது எல்லா மடல்லயும் இருக்கும் சித்தி."

"இருக்கட்டும். பந்து வெளையாட்டப் பத்தி எவ்வளவு வேணுமின்னாலும் எழுது. இன்னும் நாலு வரி கூட்டி எழுது. எங்க வீட்டப் பத்தி எழுதாத. ஊருக்கு முன்னுக்கு ஒக்காந்து என்னால அதக் கேக்க ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. மடலிலேயே சிறந்த பத்தி அது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். சித்தி சமாதானம் சொல்லவில்லை. கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அதுவரைக்கும் சித்தி யாரிடமும் எதையும் வேண்டாமென்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் புதுமைக்காகவே சரியென்றேன்.

கோயில் முன்றலில் மாலை நேரம் கௌரவிப்பு நடந்தது. பொன்னாடை கோயிலிலிருந்து இரவல். மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தில் அத்தனை கண்களுக்கு முன்னால் நிற்பவருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் சித்தி, அம்மாவுக்குப் பக்கத்தில்.

நான் உரத்த குரலில் வாசித்தேன். திறமைப் பத்தியில் இரண்டு இடத்தில் கைதட்டினார்கள். அது முடிந்ததும் எல்லோரும் அடுத்ததற்குத் தயாரானார்கள். பெண்கள் பக்கத்தில் சில தலைகள் சித்தியை நோக்கித் திரும்பின. அந்த இடத்தில் மனைவியைப் பார்ப்பது வழக்கம். மனைவி குனிந்து சிரிப்பதும் வழக்கம். நான் 'வாழ்க பல்லாண்டு' என்று முடித்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. செயலாளர் என் தோளுக்கு மேலால் தாளை எட்டிப் பார்த்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "பிள்ளை, ஒரு பக்கத்தைக் காத்து அடிச்சுக்கொண்டு போட்டுதோ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி குனியாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயலாளர் கையைத் தட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

திரும்பி வரும்போது சித்தப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் பாரில் இருந்தேன், மடியில் மடல். அம்மாவும் சித்தியும் பின்னால் நடந்து வந்தார்கள். அப்பா கதிரைகளை அடுக்க நின்றுவிட்டார்.

"ஏம்மா" என்றார் சித்தப்பா. கோபமில்லாத குரல். "கட மனேச்சருக்கு வாசிச்சப்ப வீட்டம்மாவப் பத்தி ஒண்ணு வந்திச்சே. எனக்கு வரல்லியே?"

பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு உண்மையைச் சொல்லித்தான் பழக்கம். படித்த பிள்ளை பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே வைத்திருந்த சட்டம். சித்தி வேண்டாமென்று சொன்னார் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சைக்கிள் பிடியில் இருந்த சித்தப்பாவின் வலது கை எனக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது. வாய்க்காலில் என்னைத் தாங்கிய கை, கண்டாவளையில் எல்லோரையும் எழும்பி நிற்கவைத்த கை. அதைப் பார்த்துக்கொண்டே, "தாள் போதல சித்தப்பா" என்றேன்.

"தாள் போதலயா?"

"ஆமா. உங்க வெளையாட்டப் பத்தி நெறைய எழுதிட்டேன். எடம் முடிஞ்சிருச்சு."

வாய்க்கால் வரைக்கும் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "ரொம்ப எழுதிட்டியாக்கும்" என்றார். பின்னால் காலடிச் சத்தம் மறுபடியும் கேட்டது.

அன்றைக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து படுக்கவில்லை. நான் எதையோ வென்றுவிட்டதாக நினைத்தேன். பிறகு எத்தனையோ நாட்கள் வந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மடலுக்குச் சித்தப்பாவே பலகையில் சட்டம் அடித்தார். முருகன் சுவரைப் பார்த்திருக்க, என் எழுத்து வீட்டைப் பார்த்திருந்தது. மாட்டிவிட்டு எட்ட நின்று நெடுநேரம் பார்த்தார். தாளின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. அதை நான் அப்போதுதான் கவனித்தேன். சித்தப்பாவுக்கு எழுத்துத்தான் தெரியாது. வெற்றிடம் தெரியாமல் இருக்குமா? நான் கதவோடு ஒட்டி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சட்டத்தைக் கொஞ்சம் நேராக்கினார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

யாராவது இன்றைக்கு என்னிடம் நீ பார்த்ததிலே சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், சித்தப்பா என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சொன்ன பிறகு என்ன பேசுவது என்றுதான் தெரிவதில்லை.

அவர் வயலுக்குப் போன அந்தக் காலையில் சித்தி குசினியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடலுக்கு முன்னால் நின்றார்.

"வெளையாட்டப் பத்தி எழுதினத மட்டும் வாசி" என்றார்.

வாசித்தேன். அந்த ஆள் வலைக்குக் கீழால் வந்து கையைப் பிடித்த இடம் வரைக்கும் வாசித்தேன்.

"எல்லாம் நெசம்" என்றார் சித்தி. "இன்னொரு தரம் வாசி."

இரண்டாம் தரம் இன்னும் நன்றாக, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சித்தி அழுதுகொண்டிருந்தார். அடடா, நம்முடைய எழுத்து ஒருவரை அழவைத்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நெடுங்காலம் அந்தப் பெருமை என்னிடம் இருந்தது.