எல்லையில் இறக்காத முடி

பெரியதம்பி இறந்த பிறகு கண்டி வழக்கறிஞர்கள் கூடி ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தோட்டத் தமிழரின் காவலர் என்றார் ஒருவர். சட்ட மேதை என்றார் இன்னொருவர். அவர் உயிரோடு இருந்தபோது, தோட்டத்து ஆட்கள் அவரைத் தேடிவந்து வாசலை அடைக்கிறார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான் அன்று மேடையில் மூக்கைச் சிந்தினார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். பாவம் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் அக்குறணைக்காரன், பெயர் லாபிர். பெரியதம்பியும் நானும் கண்டியில் மாடிக் கந்தோர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு மேசை போட்டுத் தொழில் பார்த்தோம். காணிச் சண்டையும் கடைச் சண்டையும் என் பக்கம். அவர் பக்கம் முழுக்கக் குடியுரிமை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிறக்கிராசி. சின்ன நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். அம்பிட்டியவில் மேட்டின் மேல் வீடு. மழையோ வெயிலோ குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். முன்கோபி. தான் எழுதிய இங்கிலீஷ் மனுவைத் தானே வாய்விட்டு வாசித்து ரசிப்பார். நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. சுகமான மனிதர் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சுதந்திரம் வந்த கையோடு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களை இந்த நாட்டு மக்கள் இல்லை என்று ஒரு சட்டம் சொன்னது. அடுத்து வந்த சட்டம், வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்றது. தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதோடு, இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடும் எண்ணத்தையும் நிரூபிக்க வேண்டும். வாழ்ந்ததை நிரூபிக்கத் தோட்டத்துப் பேர்ப்பதிவு இருந்தது. எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? எந்த ஊரில் மனுசனுடைய எண்ணத்துக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள்? அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் படித்தவர்கள், முட்டாள்கள் இல்லை. முடியாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் கேட்டார்கள்.

விசாரணை அதிகாரிகள் தோட்டத்து ஆட்களின் வாக்குமூலத்தை நம்புவதில்லை. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள் என்று தள்ளிவிடுவார்கள். இதற்குப் பெரியதம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த மக்களின் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்தபோது, தங்கள் குலதெய்வக் கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்து வந்து, அதை வைத்துத்தான் தோட்டத்தில் சாமிக்கு மேடை கட்டினார்கள். பிடிமண் என்பார்கள். பெரியதம்பி அந்த மண்ணைக் கொஞ்சம் சொம்பில் எடுத்துவரச் சொல்லுவார். விசாரணையில் சாட்சி அதன் மேல் கை வைத்து, சொல்வதெல்லாம் உண்மை என்று சாமி பேரில் சத்தியம் செய்யும். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டு இந்த மக்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது சிங்கள அதிகாரிகளுக்கும் தெரியும். சாட்சி சொன்ன தேதிகளை அதன் பிறகு யாரும் தட்டிப் பேசவில்லை. பல வழக்குகள் இப்படி வென்றன. மத்தியானச் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போதெல்லாம் இந்தச் சொம்புக் கதையைச் சொல்லி என் கழுத்தை அறுப்பார்.

ஹந்தானைத் தோட்டத்து அழகரும் அவர் மனைவி சுந்தரியும் ஐம்பதுகளின் நடுவில் அவரிடம் வந்தார்கள். அழகர் அதிகம் பேசாத ஆள். சுந்தரி கைக்குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை, பெயர் ஞானேஸ்வரி, எண்ணெய் வைத்துச் சீவ முடியாத அளவுக்குச் சடைசடையாக முடி. இருவரும் ஹந்தானை லயத்து வரிசை வீடுகளிலேயே பிறந்தவர்கள். சுந்தரிக்கு முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் அந்த மலையில்தான் புதைந்திருந்தன.

"எங்களுக்கு வேற ஒன்னும் வேணாங்கய்யா. இந்த மலையிலேயே இருந்துட்டு, எம்புள்ளைங்க பக்கத்துலயே போய்ச் சேந்துடணும். அதுக்கு ஒரு காயிதம் வாங்கிக் குடுங்க," என்றாள்.

நிரந்தரமாக இருக்கும் எண்ணம் என்று சட்டம் எதைக் கேட்டதோ அதை இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. பெரியதம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வழக்கு வென்றாகிவிட்டது என்று அர்த்தம்.

விசாரணைக்கு முன் அவளுக்கு எல்லாம் படிப்பித்தார். எங்கே பிறந்தாய், எப்போது கல்யாணம், கங்காணி யார் என்று நூறு கேள்வி. கடைசியாகச் சொன்னார்: "இந்தியாவுக்குப் போற எண்ணம் இருக்கோ எண்டு கேப்பினம். இல்லை எண்டு சொல்லும் பிள்ளை. அவ்வளவுதான்."

"சரிங்கய்யா," என்றாள் சுந்தரி.

அன்று எனக்கு வழக்கு இல்லாததால் நானும் கூடப் போய்ப் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். சுந்தரி சொம்பைக் கொண்டுவந்திருந்தாள். கருப்பசாமி மேல் சத்தியம் செய்தாள். பிறந்த இடம், கல்யாணம், செத்த பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். அதிகாரி மரியாதையான ஆள், குரலைக்கூட உயர்த்தவில்லை. எழுதிமுடித்துப் பேனாவை மூடப் போனவர், அவள் மடியில் இருந்த குழந்தையின் சடையைப் பார்த்துவிட்டு, ஏன் இந்தக் குழந்தைக்கு இன்னும் முடி எடுக்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். சும்மா கேட்ட மாதிரிதான் இருந்தது.

சுந்தரி சொன்னாள்: முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவும் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் சாமி எல்லையில் முடி இறக்குகிறேன் என்று கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

எந்த எல்லையில்?

"துறையூருக்கு அந்தப் பக்கங்க. எங்க பாட்டன் ஊரு."

அது இந்தியாவில் அல்லவா?

"ஆமாங்க தொர."

அப்படியானால் அந்த நேர்த்திக்காக இந்தியா போகும் எண்ணம் இருக்கிறதா?

பெரியதம்பி எழும்பிவிட்டார். அவரை உட்காரச் சொல்லி அதிகாரி கையைக் காட்டினார். சுந்தரி பெரியதம்பியைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முன்னால் இருந்தது சொம்பு. அதில் இருந்தது அந்தச் சாமியின் மண். அந்தச் சாமி மேல் சத்தியம் செய்துவிட்டு, அந்தச் சாமிக்கே பட்ட கடனை இல்லை என்று எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு? பெரியதம்பியா, அதிகாரியா?

"போகணுந்தாங்க. போயி முடிய எறக்கிட்டு வந்துருவோம்," என்றாள்.

போகும் எண்ணம் உண்டு என்று அதிகாரி எழுதிக்கொண்டார். விண்ணப்பம் தள்ளப்பட்டது.

கந்தோருக்குத் திரும்பியதும் பெரியதம்பி குடையை மூலையில் வீசினார். "நூறு கேள்வி கேட்டன் லாபிர். நேர்த்தி ஏதும் இருக்கோ எண்டு கேக்கேல்லை. என்ரை சொம்புதான் அவளைக் கவுத்தது. வெறும் சத்தியம் எண்டால் இல்லை எண்டிருப்பாள்," என்றார்.

எனக்கு ஆத்திரம் வேறு பக்கம். "நீங்க வருஷா வருஷம் மார்கழிக்குச் சிதம்பரம் போறீங்க. நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தன். நிரந்தரமா இருக்கிற எண்ணம் ஈக்கா எண்டு ஒங்கள்டயோ என்னட்டயோ எவனாச்சும் கேட்டானா? செல்லுங்க," என்றேன்.

அந்த வருஷம் அவர் சிதம்பரம் போகவில்லை. பிறகும் போகவில்லை. இதைப் பெரிய தியாகமாக நான் சொல்ல வரவில்லை. சுந்தரிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மேல்முறையீட்டில் அவர் ஒரு நல்ல வாதத்தைத்தான் வைத்தார். சாமியின் மண் ஹந்தானையில் இருக்கிறது, ஆகவே நேர்த்தியை ஹந்தானையிலேயே தீர்க்கலாம் என்று. அதற்காகத் தோட்டத்துக்கே ஏறிப் போய்ச் சுந்தரியைக் கெஞ்சினார். இங்கேயே முடியை இறக்கும் பிள்ளை, நான் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சுந்தரி அழுதுகொண்டே மறுத்துவிட்டாள். "எல்லையிலதான் எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேங்கய்யா. அதுக்கப்பறந்தான் புள்ள கண்ணு முழிச்சிச்சு. வாக்கு மாறி, இதையும் பறிகுடுக்கச் சொல்றீங்களா?" மேல்முறையீடும் தோற்றது.

அதற்குப் பிறகு பெரியதம்பி எந்தச் சாட்சியையும் சொம்பு கொண்டுவரச் சொன்னதில்லை. அமைச்சர்களுக்கு மனு எழுதினார். கொழும்புக்குப் போய் எம்பிமாரின் வாசலில் காத்திருந்தார். எண்ணத்தை விசாரிக்காதீர்கள், வாழ்வை மட்டும் விசாரியுங்கள் என்பதுதான் எல்லா மனுவுக்கும் சாரம். நல்ல இங்கிலீஷ். எல்லாரும் பாராட்டினார்கள், ஒருவரும் ஒரு வரியும் மாற்றவில்லை. அறுபத்து நாலில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து, உனக்கு இவ்வளவு பேர், எனக்கு இவ்வளவு பேர் என்று பேசி முடித்தன. அந்தப் பேச்சில் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் இல்லை. தேங்காய் பிரிக்கிறவர்கள்கூடத் தோட்டக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிப்பார்கள்.

இடையில் ஞானேஸ்வரி வளர்ந்தாள். குழந்தைச் சடை மாறிக் கூந்தலாயிற்று, கத்தி மட்டும் படவில்லை. சுந்தரி அதை இழுத்துப் பின்னிக் கொண்டை போட்டுவிடுவாள். தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் குடும்பத்துக்குக் குடியுரிமைப் பதிவு கிடைத்திருந்தது. பெரியதம்பிக்கு அது போதும். பிரஜையின் மனைவி என்ற வழியைப் பிடித்து, ஒன்றரை வருஷம் விடாமல் அலைந்து, ஞானேஸ்வரிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கிக் கொடுத்தார். அன்று எனக்குப் பிளேன்டீயும் வடையும் வாங்கித் தந்தார். அவர் வாழ்க்கையில் அப்படிச் சிரித்து நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன்.

அழகர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கும் இல்லாமல் ஆட்கள் செத்தார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று பெரியதம்பி கத்தினார். அழகர் நிதானமாகப் பதில் சொன்னார்: "ஒரு வாட்டி கேட்டோம், இல்லேன்னு எழுதிக் குடுத்தாங்க. இல்லேன்னவங்க வாசல்ல இன்னொரு வாட்டி எதுக்குங்க நிக்கணும்?"

கடவுச்சீட்டு வந்தது, அழகருக்கும் சுந்தரிக்கும் மட்டும். பின்னாலேயே நாட்டை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ். நிறுத்திவைக்கச் சொல்லி மனுப் போட்டார் பெரியதம்பி. பிள்ளைகள் புதைந்த மண் என்று எழுதினார். மகள் இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதினார். பதில் இப்படி வந்தது: மகள் இலங்கையர், பெற்றோர் இந்தியர், ஆகவே இவை வேறு வேறு விஷயங்கள். அதைச் சட்டப்படி பிழை என்று யாராலும் சொல்ல முடியாது. மகளை இலங்கையர் ஆக்கியவரே அவர்தான்.

கண்டி ஸ்டேஷனில் அன்று தலைமன்னார்க் கப்பல்துறைக்குப் போகும் கோச்சி ரயிலுக்கு ஒரு கூட்டமே நின்றது. கட்டிப்பிடித்து அழாத ஆள் இல்லை. சுந்தரி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். ஞானேஸ்வரி பக்கத்தில் நின்றாள், இடுப்பில் குழந்தை. முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். இந்துப் பெண் ஏன் முக்காடு போட்டிருக்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. குழந்தை எட்டி முந்தானையை இழுத்தது. மழித்த தலை. அன்று விடியவே ஹந்தானைப் பிடிமண் மேடைக்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள்.

சாமி எல்லைக்குத் தாய் போகிறாள். முடி இறக்க வேண்டிய மகள் போக முடியாது. பாஸ்போட், விசா, கப்பல் செலவு எல்லாம் கொழுந்து பறிக்கிறவளுக்கு எட்டுகிற காரியமா? போக மாட்டேன் என்று பொய் சொல்லாததற்காக ஒருத்தியைத் துரத்திவிட்டு, போக வேண்டியவளை இங்கே பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

சுந்தரி பொட்டலத்தைப் பெரியதம்பியிடம் காட்டினாள். "அய்யா, முடிய மட்டும் கொண்டுபோனா சாமி ஏத்துக்குமா?"

"தெரியாது பிள்ளை," என்றார் அவர்.

கோச்சி வந்தது. அழகர் முதலில் ஏறி, பெட்டியை வாங்கிக்கொண்டார். சுந்தரி பேத்தியை முத்தமிட்டாள், மகளின் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவினாள். எங்களைப் பார்த்து, போய்ட்டு வர்றேங்கய்யா என்றாள். பழக்கத்தில் சொன்னதுதான். கோச்சி போன பிறகும் ஞானேஸ்வரி அங்கேயே நின்றாள். அழுகை நின்றிருந்தது. பெரியதம்பி அவளை வீட்டுக்கு அனுப்புவதற்காகப் பக்கத்தில் போனார்.

"அய்யா," என்றாள், "எனக்கு வாங்கிக் குடுத்தீங்களே பிரஜாவுரிம, அத திருப்பிக் குடுக்க முடியுங்களா?"

பெரியதம்பி பொய் சொல்லத் தெரியாதவர். "ஓம் பிள்ளை, முடியும்," என்றார். சட்டத்தில் அதற்கு மட்டும் லேசான வழி இருந்தது. எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அவளுடைய முதல் குழந்தை, இங்கே பிறந்த பிரஜை. அவள் திருப்பிக் கொடுத்தால், தாயும் மகளும் மறுபடி வேறு வேறு விஷயங்கள். முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டு, ஹந்தானைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். பெரியதம்பி குடையை விரிக்க மறந்து மழையில் நின்றார்.