சனிக்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

கார் ரிப்பேர் தொழிலில் ஒரேயடியாகச் செத்துப்போன காரைப் போல நல்ல கார் கிடையாது. மனுஷனைக் கொல்வது இன்றைக்கு ஓடி நாளைக்கு நிற்கிற கார்தான். கண்டி மஹய்யாவவில் கராஜ் வைத்து, வயரும் பிளக்கும் பெட்டரியுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். நீங்களும் பட்டிருப்பீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டீர்களோ, பொனட்டுக்குள் தலையை விட்டுப் பட்டீர்களோ, வேதனை ஒன்றுதான்.

அதுவும் யுத்த காலத்தில் பட்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மற்றவன் கார் ரோட்டில் நின்றால் அது ரிப்பேர். தமிழன் கார் நின்றால் அது சந்தேகம். அந்த நாட்களில் என்னைப் படாதபாடு படுத்திய ஒரே ஒரு காரைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். மற்றக் கார்களை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

கராஜில் நல்ல பிள்ளை

சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். லயத்துச் சனங்களுக்கு டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை எல்லாமே அவர்தான். சனிக்கிழமை தோறும் மருந்து எடுக்கக் கண்டிக்கு வருவார். பின் சீட்டில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளி யாராவது இருப்பார்கள். கார் ஒரு பழைய இங்கிலீஷ் கார், அவரைப் போலவே மெலிந்து, சுத்தமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வந்து இறங்கியவர், "பாஸ், செக்பொயின்டில கார் நிண்டு போச்சு" என்றார். எங்கள் ஊரில் ரிப்பேர்காரன் எல்லோருக்கும் பாஸ் என்றுதான் பெயர். கண்டிக்குள் நுழையுமுன் புதிதாகப் போட்டிருந்த அந்தச் செக்பொயின்டில் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, சோதனை முடிந்துதான் போக வேண்டும். நிறுத்திய எஞ்சின் மறுபடி பிடிக்கவில்லையாம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லையாம். ஆமிக்காரப் பையன்கள்தான் கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டுபோய் இறக்கத்தில் விட்டார்களாம்.

நான் சாவியைத் திருப்பினேன். பட்டென்று ஸ்டார்ட். நிறுத்திவிட்டுத் திருப்பினேன், ஸ்டார்ட். காலையிலிருந்து பின்னேரம் வரை நினைத்த நேரமெல்லாம் திருப்பினேன். நல்ல பிள்ளை மாதிரி அத்தனை தடவையும் ஸ்டார்ட்! நான் சும்மா அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கே மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாஸ், நான் வேலைவெட்டி இல்லாமல் செக்பொயின்டில நிண்டு விளையாடினனான் எண்டு பாக்கிறியளோ?"

மஞ்சள் பொருக்கு

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே சனிக்கிழமை, அதே செக்பொயின்ட், அதே கதை. இந்தத் தடவை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். அதற்குள் ரோட்டர் என்று பெருவிரல் அளவில் ஒரு சாமான் சுற்றும். கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். ரோட்டரைச் சுற்றி மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு பொருக்கு. தெல்தோட்டை ரோட்டுச் சேறு மூடி வழியாக உள்ளே ஒழுகுகிறது என்று முடிவு பண்ணி, பெற்றோல் விட்டுக் கழுவி, புது மூடி போட்டேன்.

ரோட்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். களவு போன வாகனத்தில் எவனாவது குண்டு வைத்தால் சொந்தக்காரன் கதி அதோகதி. அதனால் அந்தக் காலத்தில் பொழுது சாயும்போது ரோட்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் விடுவது பலருக்கும் பழக்கம். ரோட்டர் இல்லாத காரை எந்தக் கள்ளனும் ஓட்ட முடியாது. ஐயாவும் தினமும் அப்படித்தான் செய்வார். அதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

புது மூடி போட்டும் நின்றது. பொயின்ட் மாற்றினேன், நின்றது. கொண்டென்சர் மாற்றினேன், கொயில் மாற்றினேன், பிளக் வயர் எல்லாம் மாற்றினேன். மற்ற நாளெல்லாம் கார் பறக்கும், சனிக்கிழமை வந்தால் படுத்துக்கொள்ளும். ஸ்பெயார்ஸ் கடை ஹில்மி நானாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது. கடைசியாக நான் போனபோது அவர் கல்லாவிலிருந்து எழும்பாமலே கேட்டார்.

"பாஸ், இப்பிடி ஒன்னொன்னா வாங்கிட்டுப் போறதுக்கு, அந்தக் கார்ல பழைய சாமான் இனி என்னதான் ஈக்குது?"

ரோட்டில் கொட்டிய ஆயுதங்கள்

அடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் கண்டக்டர் கராஜ் வாசலில் எட்டிப் பார்த்து, ஐயா செக்பொயின்டில் நிற்கிறார், உடனே வரட்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூறல் மழை. காரின் சீட்டெல்லாம் கழற்றி ரோட்டோரம் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, மாதம் நிறைந்தவள், மதகுக் கட்டில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐயா அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நிற்கிறார். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்த கை அது!

காருக்குக் கிட்டப் போகவே என்னை விடவில்லை. முதலில் என் பையை ரோட்டில் கொட்டினார்கள். வயர், பல்பு, சின்ன பெட்டரி, டேப். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற சாமான்தான், வேறென்ன? ஆனால் செக்பொயின்டில் ஒரு தமிழனின் பையிலிருந்து அது விழுந்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் துப்பாக்கியை நிமிர்த்தியே விட்டான். பல்பை எரியவைத்துக் காட்டி, கெஞ்சி, கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் பொனட்டைத் தொட விட்டார்கள். மூடிக்குள் பார்த்தால் மறுபடியும் அந்த மஞ்சள், இந்தத் தடவை ஈரமாக. சட்டை நுனியால் துடைத்துப் பூட்டினேன். ஸ்டார்ட்.

அங்கே பொறுப்பாக இருந்த சார்ஜன்ட் கெட்ட மனுஷன் இல்லை. சத்தம் போடாமல், ஐயாவைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். கேம்புக்குக் கொண்டுபோன ஆட்களில் திரும்பி வராதவர்களும் உண்டு என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"மாத்தயா, எப்போதும் இந்தக் கார், எப்போதும் சனிக்கிழமை, எப்போதும் என்னுடைய இடம், இன்னொரு தடவை இங்கே நின்றால் உங்களையும் காரையும் கேம்புக்கு அனுப்புவேன், ரிப்பேர் செய்கிற இந்தப் பாஸையும் சேர்த்து."

சனீஸ்வரன் தலையில் பழி

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் இறக்கினோம். பிறகு கேட்டேன், "ஐயா, வீட்டுல காலையில இது எப்படிங்க ஸ்டார்ட் ஆகுது?" அவர் மிகச் சாதாரணமாக, "வீட்டில ஆர் ஸ்டார்ட்டர் பாவிக்கிறது? இறக்கத்தில விட்டு கியரைப் போட்டால் தானாப் பிடிக்கும்" என்கிறார். பெட்டரியை மிச்சம் பிடிக்க மலைநாட்டில் எல்லோரும் செய்வதுதான். அதை முதல் நாளே சொல்லக் கூடாதா? நோய் வீட்டிலிருந்தே வருகிறது, உருட்டி ஸ்டார்ட் பண்ணும்போது பெட்டரியின் பலம் முழுக்கப் பிளக்குக்கே போவதால் அங்கே தெரியவில்லை. செக்பொயின்ட் இருப்பது சமதரை, அங்கே ஸ்டார்ட்டர் பாதிக் கரண்டை விழுங்கும்போது மாட்டிக்கொள்கிறது. இவ்வளவு நாளும் நான் நோயாளியை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

"வர்ற வெள்ளிக்கிழமை நானே வர்றேன். காரை அது நிக்கிற எடத்துலயே பாக்கணும்" என்றேன். ஐயா பெருமூச்சு விட்டார்.

"ஓம், வாங்கோ, ஆனால் என்ர மனுசி சொல்றா, சனிக்கிழமையில மட்டும் நிக்கிறதெண்டால் அது சனீஸ்வரன்ர வேலையாம், அதுக்காக வெள்ளிக்கிழமைப் பூசையை அவ நல்லாக் கூட்டிப் போட்டா."

தட்டில் இருந்த ரோட்டர்

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். குவார்ட்டர்ஸ் முற்றத்தில், இறக்கத்தைப் பார்த்தபடி கார். மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ரோட்டர் பளிச். ஸ்டார்ட்டரைத் திருப்பினேன், உடனே பிடித்தது. பொழுது சாய, ஐயா வழக்கம் போல ரோட்டரைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்றால் அவருடைய மனைவி, கோயில் விளக்கு மாதிரி அமைதியான மனுஷி. வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறேன். சாமியறையில் மணிச்சத்தம். கொஞ்ச நேரத்தில் அம்மா கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார்.

தட்டில், பூவுக்கு நடுவில், என் ரோட்டர்! மஞ்சள் தண்ணியில் குளித்து, விபூதிப் பட்டை போட்டு, சொதசொதவென்று சந்தனம் அப்பி, அதற்கு மேலே குங்குமம்.

"அம்மா! என்னங்க இது?"

"ரோட்டர், தம்பி."

"அது தெரியுதுங்க! நாளைக்குக் காலையில இதை இப்படியேவா பூட்டுறது?"

"பூட்டாமல்? பிரசாதமெல்லே. துடைச்சால் குற்றம்" என்று ஐயா பதில் சொன்னார்.

கடவுளே! ஈரச் சந்தனத்தில் கரண்ட் கண்ட பக்கமெல்லாம் ஓடும், பிளக்குக்கு எப்படிப் போகும்? என் கராஜுக்கு வருவதற்குள் எஞ்சின் சூட்டில் பாதி காயும், கிழமை போகப் போக முழுக்க உதிரும், கார் ஓடும். வெள்ளிக்கிழமை புதுச் சந்தனம், சனிக்கிழமை செக்பொயின்ட். கார் நிற்க நிற்க இந்த அம்மா சனீஸ்வரனுக்குப் பயந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக அப்பியிருக்கிறார்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர்கள் என்றும் பார்க்கவில்லை. "கொயிலை மாத்துனேன், வயரை மாத்துனேன், ஆமிக்காரன் கால்ல விழாத கொறையா நின்னேன். அந்தப் புள்ளத்தாச்சி மழையில உக்காந்திருந்தா! நாளைக்கு ஐயா தலையும் என் தலையும் போயிருக்கும். ஊர் உலகமெல்லாம் பொனட்டுக்கு மேலதானே பொட்டு வைக்குது? அங்க வச்சா சாமி ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிச்சா?"

அம்மா தட்டை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. தமிழர்களை அடித்துக் கொளுத்திய கலவர வருடம் அவர்கள் வேறு தோட்டத்தில் இருந்தார்களாம். வீட்டுக் கேற்றடியில் கூட்டம் வந்தபோது இந்தக் கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சந்தியில் நின்ற இன்னொரு கூட்டம் பொனட்டில் இருந்த பொட்டைப் பார்த்துத்தான் தமிழன் கார் என்று கத்திக்கொண்டு கல்லெறிந்திருக்கிறது. கண்ணாடி உடைந்து சிதறச் சிதற ஐயா நிறுத்தாமல் ஓட்டித் தப்பியிருக்கிறார். அம்மாவின் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு எதனால் வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்டைக்கு என்ர நெத்தியையும் அழிச்சன், காரின்ர நெத்தியையும் அழிச்சன், வெளியில வைக்கேலாது தம்பி, அதுதான் ஒருத்தர் கண்ணிலயும் படாமல் உள்ளுக்கு வைக்கிறன்."

பூ வைத்த ஜீப்

என் ஆத்திரம் அப்படியே இருந்தது, ஆனால் அதை அந்த அம்மா மேல் கொட்ட முடியவில்லை. பையில் கிடந்த வெடித்துப்போன பழைய ரோட்டர் ஒன்றை எடுத்து, இதற்குப் பூசை பண்ணுங்கள் என்று நீட்டினேன். "ஓடாத சாமானைக் கும்பிட்டு என்ன செய்யிறது?" என்று திருப்பித் தந்துவிட்டார். பொனட்டின் உட்பக்கம் வைக்கலாம் என்றால், செக்பொயின்டில் பொனட்டைத் திறப்பார்கள். கடைசியில் பெட்டரியைத் தூக்கி, அது உட்காருகிற தகரத்தைக் காட்டினேன். எந்தச் சோதனைக்காரனும் பெட்டரியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அம்மா அங்கே குனிந்து ஒரு பொட்டு வைத்தார். மேலே பெட்டரியை வைத்துப் பூட்டினேன். என் தொழிலில் ஒரு பொட்டை ஒளிப்பதற்கு ஸ்பேனர் பிடித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நானும் காரில் வந்தேன். செக்பொயின்டில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். பொனட்டைத் திறந்தார்கள், சீட்டுக்கடியில் பார்த்தார்கள். ஐயா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. ஸ்டார்ட்! ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

சார்ஜன்டுக்கும் சந்தோஷம். என்ன கோளாறு என்று கேட்டார். தண்ணி ஒழுகியது என்றேன். அவர் தன் ஜீப்பின் முன்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். கண்ணாடிக்குள்ளே, ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு புத்தர் படம், அதற்கு முன்னால் அன்றைக்குப் பறித்த, விகாரைகளில் படைக்கிற அரலிய பூ. நல்ல மனதோடுதான் எனக்குப் புத்தி சொன்னார். எனக்கோ பெட்டரிக்கு அடியில் ஒளித்த பொட்டுத்தான் ஞாபகம் வந்தது.

"எங்கள் ஜீப் ஒரு நாளும் நின்றதில்லை பாஸ், தினமும் காலையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்போம், நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்."

அன்றிலிருந்து, "ஒருநாள் ஸ்டார்ட் ஆகுது, ஒருநாள் ஆகுறதில்ல" என்று எந்தத் தமிழன் கார் கொண்டுவந்தாலும், பொனட்டைத் திறக்குமுன் நான் கேட்கிற முதல் கேள்வி, வீட்டில் பொட்டை எங்கே ஒளிக்கிறீர்கள் என்பதுதான்.