கட்டுக்கு ஒரு பழுது

சாதிக் பாட்சாவுக்குப் பெருக்கல் கணக்கு கைவந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, பர்மாவின் தாமுவே சந்தையில். தன் துணிக்கடைக்கு வரும் பெண்ணுக்கு முன்னால் மூன்று ரவிக்கையையும், இடுப்பில் கட்டுகிற தமெய்ன் நான்கையும் விரித்துப் போடுவார். "ஏழு துணின்னு பாக்காதீங்க மா, பன்னெண்டு ஜோடி. மாத்தி மாத்திப் போட்டா பன்னெண்டு நாளும் புது உடுப்புதான்" என்பார். ஒன்று வாங்க வந்தவள் ஏழையும் அள்ளிக்கொண்டு போவாள். பேச்சிலேயே ஆளைக் கவிழ்க்கிற மனுஷன். அந்தப் பேச்சுக்கு அவரே கவிழ்ந்ததுதான் வினை.

ஆண்களுக்கான சட்டைகள் லைங் தாயாவிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும். ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கியதை நான்கு நான்காகக் கட்டித் தள்ளிவிடுவார்கள். கட்டுக்கு மூன்று நல்லது, ஒன்று பழுது. ஏழெட்டு வருடத்தில் அது மாறியதே இல்லை. கட்டைப் பிரித்ததும் முதல் சட்டையிலேயே கிழிசல் தெரிந்தால் சாதிக் பாட்சாவுக்கு முகம் மலர்ந்துவிடும். மீதி மூன்றை விரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

இரண்டாயிரத்து இரண்டில் மகள் ஸமீரா பிறந்தாள். ஒரு வயது ஆவதற்குள் வெள்ளைத்தாளாய் வெளுத்துப் போனாள். வயிறு மட்டும் உப்பியது. தலசீமியா என்றார்கள். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். எல்லாரும் சயாமா என்று கூப்பிடும் பர்மியப் பெண் டாக்டர் ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். இந்த மரபணுவில் அப்பாவிடம் ஒரு நல்லதும் ஒரு பழுதும். அம்மாவிடமும் அப்படியே. ஆளுக்கு ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு தரம் இரண்டு, நான்கு விதம். அதில் ஒரு விதத்தில்தான் இரண்டு பழுதும் சேர்ந்து விழும்.

ரவிக்கை தமெய்ன் கணக்குத்தானே, சட்டென்று பிடிபட்டுவிட்டது. சயாமா அதற்கு மேலும் ஏதோ சொன்னார். அதற்குள் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

மனைவி பரீதாவுக்கு இன்னொரு பிள்ளை என்றாலே குலை நடுங்கியது.

"ஒண்ணையே பாக்க முடியலங்க. வேணாம்."

"நாலுக்கு ஒண்ணுன்னு சயாமாவே எழுதிக் குடுத்திருக்காங்க பரீதா. அந்த ஒண்ணு மொதல்லயே வந்துடிச்சு. இனிமே கட்டுல கெடக்குற மூணும் நல்லது."

ஒரு வருடம் இதையே சொன்னார். அவளுக்குக் கணக்குத் தெரியாது, புருஷனைத் தெரியும். நம்பினாள்.

நியாஸ் செக்கச்செவேலென்று பிறந்தான். சாதிக் பாட்சாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளையின் கன்னத்தைச் சந்தை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். இரத்தம் சோதிக்க வரச்சொல்லி சயாமா இரண்டு தரம் ஆள் அனுப்பினார். "நல்ல பிள்ளையை எதுக்குக் குத்தணும்?" என்று தட்டிக்கழித்தார். அந்தத் தெம்பில்தான் பரீதா மூன்றாவதையும் சுமந்தாள். அவளுக்கு மூன்று மாதம் ஆனபோது, ஒன்பது மாதப் பிள்ளையான நியாஸின் உதடு வெளுத்தது.

சோதனையில் அவனுக்கும் அதேதான். சாதிக் பாட்சா பழைய காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"அந்த ஒண்ணு முன்னாலயே வந்துடிச்சே சயாமா? மீதி மூணு எங்க?"

"மீதி என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கும் முழுசாக இருக்கும். அன்றைக்கே சொன்னேனே" என்றார் சயாமா. குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் தானாகவே மனம் பெருக்கியது. நாலு தரம் நாலு, பதினாறு. இரண்டு பிள்ளை பெற்ற இப்படிப்பட்ட பதினாறு வீட்டில் ஒரு வீட்டுக்குத்தான் இரண்டுமே இப்படி விழும். மற்ற பதினைந்து வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றனவோ. பாழாய்ப்போன கணக்கு, இப்போது மட்டும் சரியாக வருகிறது. பரீதாவைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் இரத்தம். ஸமீரா பழகிப்போய் அழாமல் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். முதல் தரம் இரத்தம் ஏற்றக் காத்திருந்த நியாஸை மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் வயிற்றைத் தொட்டபடி பரீதா கேட்டாள்.

"ஒங்க கட்டுல இப்ப எத்தன பாக்கி இருக்கு?"

நாலில் மூன்று பங்கு நல்லது என்பது இப்போதும் உண்மைதான். ஆனால் எந்த வாயால் அதைச் சொல்வது? ஒரு வருடம் அவள் பயத்தை அடக்கிவைத்ததும் அதே வாய்தான்.

"நாலும் இருக்கு" என்றார்.

உள்ளேயிருந்து நியாஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். பரீதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.