அண்ணன் பேர் வைத்த பிள்ளை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இணையவழி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வடதுருவத்து இனுவிட் மக்களின் பண்பாடும் சமூகமும் என்ற பாடத்தை எடுத்ததற்கு ஒரே காரணம், மீதமிருந்தது கணக்கு. மலேசியாவில், எங்கள் கோத்தா திங்கி வெயிலில் உட்கார்ந்து பனிக்கட்டிப் படம் பார்த்தாலே பாஸ் போட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. போன வருடம் அண்ணன் தவறிப்போனார். அதன்பின் என் மகனுக்குப் பிறந்த பையனுக்கு அண்ணன் பேரையே வைக்கச் சொன்னவன் நான். எங்களோடு இருக்கும் அண்ணி பிள்ளையைக் குளிப்பாட்டுவார், தோளில் போட்டுத் தட்டுவார். ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருமகளுக்கு அது உறுத்தியது. "பெரியத்தைக்குப் பிள்ளைய பிடிக்கல போல மாமா. வேற பேரு வச்சிருவோம் லா" என்றாள். அண்ணனை இரண்டாம் தடவை பறிகொடுப்பதா? முடியாது என்றுவிட்டேன். அண்ணி மேல் கோபம் வேறு.

அந்த வாரப் பாடம் பேர் வைக்கும் வழக்கம். காணொளியில் ஓர் இனுவிட் ஆசிரியை பேசினார். இறந்தவரின் பேரைக் குழந்தைக்கு வைத்தால் பேரோடு அவரும் வந்துவிடுவாராம். அதனால் உறவுமுறை சொல்லியே அழைப்பார்களாம். பேசும்போதே அவருடைய சின்ன மகள் குறுக்கே ஓடிவந்தாள். அங்கே பேருக்கு ஆண், பெண் பேதமில்லையாம்; இறந்துபோன தன் தகப்பனார் பேரைச் சுமக்கும் அவளை "அப்பா" என்று அழைத்து, நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்சல் இல்லை, மரியாதை. கணவனை இழந்தவர், அவன் பேர் தாங்கிய குழந்தையை "என் வீட்டுக்காரர்" என்பதும் உண்டாம்.

காணொளியை நிறுத்தினேன். நாற்பது வருடம் புருஷன் பேரை வாயால் சொல்லாத அண்ணி, இப்போது மட்டும் எப்படிச் சொல்வார்? அடுத்த அறையில் இருப்பவரை எனக்குக் காட்ட, பனிக்கடலுக்கு அப்பாலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது.

மருமகளையும் இழுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். "அப்ப நீங்க இவன எப்படி அண்ணி கூப்பிடுவீங்க?"

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மெதுவா பேசுங்க தம்பி, ஒங்கண்ணன் இப்பதான் கண்ணசந்தாரு."