வாசற்படியில் எடுத்த படம்

எனக்குப் பெண் பார்த்த காலத்தில், லண்டனில் டூட்டிங் பகுதியில் ஒரு கடைக்கு மேலே நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து பெண் வீட்டார் படம் கேட்டார்கள். சேரிங் கிராஸ் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், அமெரிக்க அரசியல் தலைவர் ஒருவர் இருநூறு வருடங்களுக்கு முன் குடியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. இரவல் கோட்டுடன் அதன் படியில் நின்று படம் எடுத்தேன். பின்புறத்தில் "வீட்டு வாசலில்" என்று எழுதி அனுப்பினேன். படித்தவன் செய்த வேலை அது.

மனைவி லண்டன் வந்து, கலியாணம் முடிந்த மறுநாளே கேட்டாள்.

"உங்கட வீட்டை எப்ப பாக்கிறது?"

"திருத்த வேலை நடக்குது. இப்ப ஏலாது."

மூன்று மாதம் இதையே சொன்னேன். அவளுடைய அப்பா, என் மாமாவும் ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம், "திருத்த வேலை முடிந்ததா?" என்று கேட்டார். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு அவளை அங்கே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன்.

அந்தத் தலைவர் குடியிருந்ததைச் சொல்லும், சுவரிலிருந்த நினைவுப் பலகையை அவள் காட்டினாள்.

"படத்தில இதுவும் விழுந்திருக்கு. அப்பா பூதக்கண்ணாடி வச்சு வாசிச்சவர்."

"பிறகேன் கலியாணத்துக்கு ஓமெண்டனீர்?"

"வீடும் இரவல், கோட்டும் இரவல், சிரிப்பு மட்டும் சொந்தம் எண்டு அம்மா சொன்னவா."

அன்றே மாமாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. "இன்னும் நடக்கிறது மாமா" என்றே எழுதினேன். அவர் கடைசிக் கடிதம் வரை கேட்டார். நானும் கடைசிவரை அதையே எழுதினேன்.