அம்மாவின் பாய்ப்படகும் ஆகஸ்ட் பதினேழும்

எங்கள் ஊரில் தண்ணீரும் வேலையும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறையும்போது சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் தீபாவளி முடிந்து காலை நீட்டி உட்காரும் அந்த இரண்டு மாதங்களில்தான் அச்சகக்காரர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. வேலை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும். பங்குனியில் கண்மாய்க்குள் ஆடு மேயும். இதில் மற்றவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் இருந்தது. அவளிடம் ஒரு பாய்ப்படகு இருந்தது.

அம்மா தூத்துக்குடியில் கல்லூரி படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து படகு விடக் கற்றுக்கொண்டவள். அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு எங்கள் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. தேதி, கிழமை, நட்சத்திரம், அமாவாசை என்று எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு அவள் சரி என்று சொன்னால்தான் மெசினில் தாள் ஏறும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வண்டியில் பத்தடி நீளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு வந்து இறங்கியது. கூடப் படித்த தோழி வெளிநாடு போகும்போது கொடுத்தனுப்பியது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன, மாவு கரைக்கப் போறியா?" என்று கேட்டார். அம்மா மறுநாளே அதைத் தாயில்பட்டிக்குப் பக்கத்திலிருந்த தன் ஊருக்கு அனுப்பிவிட்டாள். மாமாவின் தோட்டத்தில் மோட்டார் ரூமை ஒட்டி அதைக் கவிழ்த்து வைத்தார்கள். தோட்டத்தைத் தாண்டினால் கண்மாய்க்கரை.

படகு வந்துவிட்டது. ஆனால் நேரம்? மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். அன்றைக்கு மெசின்கள் நிற்கும். ஆட்கள் முடி வெட்டிக்கொள்ளவும் பெண் பார்க்கவும் அந்த நாளைத்தான் வைத்துக்கொள்வார்கள். அம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களைக் கணக்குப் பார்த்தால் வருஷத்தில் நான்கு முறை, மழை நன்றாகப் பெய்தால் ஐந்து முறை. அவ்வளவுதான் அவள் படகு ஓட்டியது.

எனக்குப் பத்து வயதான வருஷம் அப்பா ஜெனரேட்டர் வாங்கினார். கரண்ட் போனாலும் இனி வேலை நிற்காது என்று எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார். அம்மாவும் ஒன்று வாங்கித் தின்றாள்.

அந்தக் கார்த்திகையில் கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. முதல்நாள் இரவு கொட்டிய மழையைப் பார்த்துவிட்டுக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார். விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா அதிகாலையிலேயே எழுந்து, மேசையிலிருந்த புரூப்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துருவேங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பா தலையாட்டினார்.

அவள் போய் ஒரு மணி நேரத்தில் காரியாபட்டி ஜவுளிக்கடை ஆர்டரின் புரூப் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து வந்தது. வருஷம் முழுவதும் ஒரே தாளில் வரும் காலண்டர். கடைக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவின் செல்லுக்கு அடித்துப் பார்த்தார். அது ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்து, கட்டிங் மெசின் அண்ணனின் பைக்கில் ஏற்றிவிட்டார்.

"அம்மாட்ட காட்டி, பாத்தாச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டு ஓடியா பாப்பா. மெசின் நிக்கிது."

மெசினே எனக்காக நிற்கிறது என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் தாள் கசங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.

கரையில் மாமா துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அம்மா நடுக் கண்மாயில் இருந்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. ஒரு கை சுக்கானில், மறு கை பாய்க் கயிற்றில். பாய் ஒரு பக்கம் வீங்கியிருக்க, அம்மா மறுபக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்து முதுகைத் தண்ணீருக்கு மேல் சாய்த்திருந்தாள். விழுந்துவிடுவாள் என்று பயந்து நான் கத்தினேன். மாமா சிரித்தார்.

"விழ மாட்டா தாயி. அப்பிடி உக்காந்தாத்தான் படகு கவுறாது."

நான் "அம்மா! புரூப்!" என்று கூப்பிட்டேன். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் குரல் பின்னால்தான் போயிருக்கும். தாளைப் பிரித்துத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினேன். அண்ணனும் துண்டை வீசினார். படகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகம்கூடத் தெரிந்தது. சட்டென்று பாய் படபடவென்று அடித்தது. அம்மா குனிந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாள். படகு திரும்பி எதிர்க்கரையைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

"இனி அந்தக் கரையத் தொட்டுட்டுத்தான் வருவா. வந்து இளநி குடி" என்றார் மாமா.

அண்ணனின் செல் அடித்தது. அப்பாதான். இங்கன மை ஊத்தி வச்சிட்டு உக்காந்திருக்கோம், என்னாச்சு என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. எங்களைவிடத் தண்ணீர் பெரிதாகப் போயிற்றா என்று நினைத்தேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய், தாளைச் சுவரில் வைத்து, என் ரேங்க் கார்டில் அம்மா போடும் கையெழுத்தை அப்படியே போட்டேன். நீல மை. கீழே ஒரு கோடும் இழுத்தேன். தாளில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. திரும்பி வந்து, "அம்மா முன்னாடியே கையெழுத்துப் போட்டுத்தான் வச்சிருந்தாங்களாம், நான்தான் பாக்கல" என்றேன். அதை யாராவது நம்புவார்களா என்று இப்போது தோன்றுகிறது. அண்ணன் பைக்கை உதைத்தார்.

முழு ஆர்டரும் அடித்துக் காய்ந்து, மேலே தொங்கவிடத் தகரப்பட்டை போடும்போதுதான் ஒரு அக்கா கண்டுபிடித்தாள். ஆகஸ்டில் பதினேழாம் தேதி இரண்டு முறை இருந்தது. பதினெட்டைக் காணோம்.

அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து அட்டை டப்பா கம்பெனியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "புரூப் யாரு பாத்தது?" ஃபைல் வந்தது. அம்மா அதை வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் பாத்தேன். கண்ணுல படல" என்றாள்.

அப்பா ஃபைலைத் திரும்ப வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதோடு அவருடைய சத்தமும் நின்றுவிட்டது.

மறுபடி அடிக்க நேரமில்லை. பதினெட்டு என்று சின்னச் சின்ன ஸ்டிக்கர் அடித்து, இரண்டாவது பதினேழின் மேல் ஒட்டினோம். மூன்று நாள், வீட்டில் இருந்த அத்தனை பேரும். அம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஒட்டினாள். மூன்றாம் நாள், தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னைக்கி நீ தாளை ஆட்டுனதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் திருப்புனேன். இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துருவோம்னு."

அவள் என்னைத் திட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். "இனிமே போட மாட்டேம்மா" என்று அழுதேன். அவள் இடது கையால் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

இப்போது அந்த அச்சகத்தை நான்தான் நடத்துகிறேன். சில வருஷங்களுக்கு முன் பழைய ஃபைல்களைக் கழித்தபோது அந்த வருஷத்துப் புரூப் கட்டு கையில் கிடைத்தது. அம்மா ஒரு புரூப்பில்கூட முழுக் கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாத் தாளிலும் சிவப்பு மையில் ஒரு டிக், பக்கத்தில் பார்த்த தேதி, நேரம். ஒன்றில் மட்டும் நீல மையில் முழுக் கையெழுத்து, கோணலான கோட்டோடு. தாளை வாங்கிய நொடியிலேயே அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் மெசினை ஓட்டச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அவசரம்.

அந்தக் கார்த்திகைக்கு அடுத்த மாதம் கரண்ட் நிறுத்தும் நாளும் வந்தது. மார்கழி. புத்தாண்டு நெருங்கிவிட்டதால் ஆர்டர்கள் கழுத்தை நெரித்தன. அம்மா ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்காமல் காலையிலேயே பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடும் சத்தம் கேட்கவில்லை. அப்பா உள்ளே வந்தார்.

"டீசல் தீந்துபோச்சு. வாங்க ஆளில்ல. சாயந்தரம் வரைக்கும் ஒரு வேலையும் ஓடாது" என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "கண்மாயில தண்ணி கெடக்குதாமே" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பஞ்சாங்கத்தை மூடினாள். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டர் கிளம்பியது.

ஆர்டர்கள் கிடக்க மெசின் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தப்புச் செய்தவள் அடுத்த தப்பையாவது தடுக்க வேண்டாமா? ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடினேன். பெரிய நீலக் கேன் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆட்கள் எல்லாரும் கேட்க, "அப்பா, கேன் நெறய டீசல் இருக்கு!" என்று கத்தினேன்.

அப்பா அவசரமாக வந்து கேனின் மூடியைத் திருகி அடைத்தார்.

"அது வேற டீசல். நீ போய்ப் படி."

அம்மா அன்று இருட்டும் நேரத்தில்தான் வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் வெயிலில் கறுத்திருந்தது. வாசலிலேயே மறித்து, டீசலில் எத்தனை வகை என்று கேட்டேன். அவள் உள்ளே அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அவருக்கு டீ போட்டாள்.

அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.