செட்டு போன அன்று கேட்ட பியானோ

அன்று இருந்தவர்கள் நான், இடுப்பில் பிள்ளையோடு என் மனைவி, செங்கல்பட்டு ரேடியோக் கடைக்கார பாய், அவர் கூட்டிவந்த டெம்போக்காரர். எழுபதுகளில், மாமல்லபுரத்தில், கல்யாணத்துக்கும் கூழ் ஊற்றுவதற்கும் இசைத்தட்டில் பாட்டுப் போட நான் வைத்திருந்த ரேடியோ செட்டை, தவணை கட்டாததால் எடுத்துப்போக வந்திருந்தார் பாய். எங்களுக்குச் சோறு போட்டதே அந்தச் செட்டுதான்.

"ஓடுதான்னு பாத்துட்டுத்தான் ஏத்துவேன். ஒரு தட்டு போடு" என்றார் பாய்.

சினிமாத் தட்டுகளை விற்றுத் தின்றாகிவிட்டது. மிஞ்சியது, குப்பத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது கொடுத்தது ஒன்றுதான். அட்டையில் பியானோ முன்னால் ஒரு கறுப்பர். இந்த மாதிரி துக்கப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர், தான் பிறந்த காலத்தது என்று வெள்ளைக்காரன் சொல்லியிருந்தான்.

"அத்த போடச் சொல்லாதீங்க பாய், ஆட்டுக்குட்டி கத்துறாப்ல இருக்கும்" என்றாள் மனைவி.

போட்டேன். அப்படித்தான் கத்தியது. பாய் என்னை முறைத்தார்.

"இன்னாபா, வேகம் மாத்துற திருகு கீதே, தொட்டதே இல்லியா?"

"ஒடஞ்சி பூடும்னு பயம் பாய்."

"இத்த வச்சிகினு தொழில் பண்ண பாரு!"

திருகை மெதுவான வேகத்துக்குத் திருப்பினார். ஆட்டுக்குட்டி போய் ஒரு மனிதர் பாடினார். பியானோவில் இடது கை விடாமல் நடந்துகொண்டே இருக்க, வலது கை ஏறி ஏறி வழுக்கியது. வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரே வரியை இரண்டு தரம் சொன்னார். கவலைப்படும்போது நானும் அப்படித்தான்.

"மறுபக்கம் போடு" என்றார் பாய்.

"டெம்போ வாடகை ஏறிகினே போவுது பாய்" என்றார் டெம்போக்காரர்.

"ஏறட்டும். இவன் கணக்குலதான் எழுதப் போறேன்."

பாட்டு தீர்ந்ததும் செட்டை ஏற்றினார்கள். தட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். "கடைக்கு எத்துகினு வா, போடறேன்."

செட்டை எடுத்தும் கடன் தீரவில்லை. கூலி வேலையில் கிடைத்த அஞ்சோ பத்தோ கட்ட மாதாமாதம் போனேன், தட்டைத் துண்டில் சுற்றி, பஸ் குலுங்கும்போதெல்லாம் கீறல் விழுமோ என்று பதறிக்கொண்டு. அவர் கடையில், என் செட்டிலேயே கேட்பேன். அலுக்கவே இல்லை. என் துக்கம் கூடக்கூட அந்தப் பியானோக்காரர் பாட்டிலும் துக்கம் கூடியது.

ஒரு மாதம் போனபோது, செட்டு இருந்த மேஜை காலியாக இருந்தது.

"திருக்கழுக்குன்றம் பார்ட்டி வெலைக்கு எடுத்துகினு பூட்டான். கடை நடக்கணும்ல?"

"அந்தப் பணத்துல என் கணக்கு?"

"செட்டு வெலைய, உன்கிட்டருந்து எடுத்தப்பவே கழிச்சாச்சி."

கொண்டுபோன பத்து ரூபாயைக் கட்டினேன். வரும் வழியெல்லாம் பஸ் குலுங்கியது, நான் பதறவில்லை. இனி கீறல் விழுந்தால்தான் என்ன? பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.